பார்பரா ஜோர்டன் ஒரே ஒரு பேச்சால் பெயர் பெற்றவரா?

கேள்வி இது: "ஹூஸ்டன் வக்கீல் பார்பரா ஜோர்டனை, ஜனாதிபதி நிக்சனின் பதவிநீக்க விசாரணையில் பேசிய அந்த ஒரு பேச்சுக்காகத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். அதைத் தாண்டி அமெரிக்கக் காங்கிரஸில் அவர் என்ன செய்தார்? ஆறே வருடத்தில் விலகியும் விட்டாரே?"

இந்தக் கேள்விக்கு அந்தப் பேச்சை ஒதுக்கிவைத்துவிட்டுப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அரசியலமைப்புச் சட்டம் சொல்லிக்கொடுத்த வருடங்களில் அதை எத்தனையோ முறை வகுப்பில் ஒலிபரப்பியிருக்கிறேன். மாணவர்கள் முதலில் கேட்பது அந்தக் குரலைத்தான். கனமான, ஒவ்வொரு எழுத்தையும் முழுசாக உச்சரிக்கிற குரல். குரலில் மயங்கிப்போய் ஒரு வரியைத் தவறவிட்டுவிடுகிறார்கள். அந்த வரியில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது.

அமெரிக்க அரசியலமைப்பு "மக்களாகிய நாம்" என்று தொடங்குகிறது. 1787 செப்டம்பர் 17 அன்று அது எழுதி முடிக்கப்பட்டபோது அந்த "நாம்" என்பதற்குள் கறுப்பினப் பெண்ணான தான் இல்லை என்கிறார் ஜோர்டன். ஜார்ஜ் வாஷிங்டனும் அலெக்சாண்டர் ஹாமில்டனும் தவறுதலாகத் தன்னை விட்டுவிட்டார்கள் போலும் என்று பல வருடம் நினைத்திருந்தாராம். அப்புறம் சொல்கிறார்: அரசியலமைப்புத் திருத்தம், சட்ட விளக்கம், நீதிமன்றத் தீர்ப்பு, இவற்றின் வழியாகக் கடைசியில் நானும் அந்த "நாம்" என்பதற்குள் சேர்க்கப்பட்டேன்.

கேட்பவர்கள் இதைக் கறுப்பின மக்களின் வரலாற்றை மூன்று சொல்லில் சுருக்கிய அழகான வாசகம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் என் வாசிப்பில் அது அவருடைய சொந்தக் கதையும்கூட. அந்த மூன்றும் இல்லாமல் அந்த விசாரணைக் குழுவின் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்கவே முடியாது. எப்படி என்று சொல்கிறேன்.

பிறந்தது 1936 பிப்ரவரி 21, டெக்சஸ் மாநிலம் ஹூஸ்டன் நகரின் ஐந்தாம் வார்டில். கறுப்பினத்தார் நெருங்கி வாழ்ந்த ஏழைப் பகுதி. அப்பா கிடங்கு ஒன்றில் எழுத்தர், பாப்டிஸ்ட் சபைப் போதகரும்கூட. தாய்வழித் தாத்தா பழைய பேப்பர், கந்தல், இரும்பு வாங்கி விற்றவர். ஞாயிற்றுக்கிழமைகளில் பேத்தி அவரோடு உட்கார்ந்து அவற்றைத் தரம் பிரிப்பார். ஃபிலிஸ் வீட்லி உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது, சிகாகோவிலிருந்து எடித் சாம்ப்சன் என்ற கறுப்பின வக்கீல் அங்கே பேச வந்தார். அன்றைக்கே ஜோர்டன் தானும் வக்கீலாவது என்று முடிவு செய்துவிட்டார்.

கல்லூரி விஷயம் கொஞ்சம் முக்கியம். அவர் சேர்ந்தது டெக்சஸ் சதர்ன் பல்கலைக்கழகம். அது உருவான கதையைக் கேளுங்கள். 1946இல் ஹீமன் ஸ்வெட் என்ற தபால்காரர் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பித்தார். கறுப்பினத்தவர் என்பதால் இடம் மறுத்தார்கள், அவர் வழக்குப் போட்டார். வெள்ளையர் கல்லூரியில் அவரைச் சேர்க்காமல் தப்பிப்பதற்காக மாநில அரசு 1947இல் கறுப்பினத்தாருக்கென்று அவசரமாக ஒரு தனிப் பல்கலைக்கழகத்தை ஏற்படுத்தியது. ஜோர்டன் படித்தது அங்கேதான். டாம் ஃப்ரீமன் என்ற பேராசிரியர் பயிற்சி கொடுத்த பட்டிமன்றக் குழுவில் அவர் இருந்தார். ஹார்வர்டு அணியோடு மோதிச் சமநிலையில் முடித்த குழு அது.

1956இல் பாஸ்டன் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரிக்குப் போனதும்தான் உண்மை உறைத்தது. அதுவரை பெற்ற கல்வி மேடையில் ஓங்கிப் பேசக் கற்றுக்கொடுத்திருந்தது. ஒரு வாதத்தைப் பிரித்துப் போட்டு, அடுத்தவர் கேள்விக்கு நின்று பதில் சொல்லும் பழக்கத்தைக் கொடுக்கவில்லை. அவசரமாகக் கட்டிய கறுப்பினக் கல்லூரி எந்த நாளிலும் வெள்ளையர் கல்லூரிக்குச் சமமாகாது என்று அங்கே புரிந்துகொண்டதாகப் பின்னாளில் எழுதியிருக்கிறார். அதை ஈடுகட்ட ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து படித்தார். 1959இல் பட்டம். ஒரு வருடம் அலபாமாவின் டஸ்கீகி கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு ஹூஸ்டன் திரும்பினார்.

அப்போது ஆபீஸ் வைக்கப் பணமில்லை. அப்பா வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் ஆபீஸ். கட்சிக்காரர்கள் வாசல் வழியாக வந்து அந்த மேசைக்கு எதிரே உட்கார்ந்து வழக்கைச் சொல்வார்கள். சாப்பாட்டு நேரத்துக்குக் கோப்புகளை எடுத்து வைக்கவேண்டும். பிறகுதான் ஐந்தாம் வார்டின் லயன்ஸ் அவென்யூவில் ஒரு அறை பிடித்தார். நம் ஊரில் முதல் தலைமுறை வக்கீல்கள் பலருக்கும் இந்தக் காட்சி புதிதாக இருக்காது.

1960 தேர்தலில் கென்னடி - ஜான்சன் பிரச்சார அலுவலகத்துக்குப் போய் உதவி செய்கிறேன் என்று நின்றார். உறையில் முகவரி எழுதும் வேலை கொடுத்தார்கள். ஒருநாள் இரவு ஒரு சர்ச்சில் பேசவேண்டியவர் வரவில்லை, இவரை அனுப்பினார்கள். அதற்குப் பிறகு யாரும் அவரிடம் உறையை நீட்டவில்லை.

1962இல் டெக்சஸ் மாநிலப் பிரதிநிதிகள் சபைக்கு நின்றார், தோற்றார். 1964இல் மறுபடி நின்றார், மறுபடி தோற்றார். ஏன் தோற்றார் என்பது ரொம்ப முக்கியம். முதல் தோல்விக்குப் பிறகு ஒரு பேராசிரியர், நீ கறுப்பு, நீ பெண், உடம்பும் பெரிது, ஜெயிப்பது கஷ்டம் என்று முகத்துக்கு நேரே சொன்னாராம். ஆனால் ஜோர்டன் வாக்குச்சாவடி வாரியாகக் கணக்கை எடுத்துப் பார்த்தார். கறுப்பினத்தார் வாழும் சாவடிகளில் அவர் ஜெயித்திருந்தார். சிக்கல் தேர்தல் அமைப்பில் இருந்தது.

ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) அந்தச் சபைக்குத் தனித்தனித் தொகுதி கிடையாது. கவுண்டி முழுவதும் ஒரே தொகுதி போல. ஒவ்வொரு இடத்துக்கும் கவுண்டியின் அத்தனை வாக்காளரும் ஓட்டுப் போடுவார்கள். மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இருந்த கறுப்பினத்தார் அத்தனை பேரும் ஒருவருக்கே போட்டாலும், மீதி நாலு பங்கு எதிராகப் போட்டால் தோல்விதான். சென்னை மாநகராட்சியில் வார்டே இல்லாமல், ஒவ்வொரு கவுன்சிலரையும் மொத்தச் சென்னையும் தேர்ந்தெடுப்பதாக நினைத்துப் பாருங்கள், புரியும்.

இதற்கு மேல் ஓட்டு வரி. டெக்சஸில் ஓட்டுப் போட ஒவ்வொரு வருடமும் பெரும்பாலான இடங்களில் 1.75 டாலர் கட்டவேண்டும், அதுவும் ஜனவரி 31க்குள். தேர்தலோ பல மாதம் கழித்து. யார் வேட்பாளர், எந்தப் பிரச்சினை என்று எதுவும் தெரியாத நேரத்தில், கூலி வேலை செய்பவர் காசை எடுத்து வைத்து ரசீதையும் பத்திரப்படுத்தவேண்டும். மறந்தால் அந்த வருடம் ஓட்டு இல்லை.

மேல்சபையான மாநில செனட்டில் நிலைமை இன்னும் மோசம். எந்தக் கவுண்டிக்கும் ஒரு செனட்டருக்கு மேல் கிடையாது என்று டெக்சஸ் அரசியலமைப்பிலேயே எழுதி வைத்திருந்தார்கள். 1960 கணக்கெடுப்பில் 12 லட்சத்துக்கும் மேல் மக்கள் வாழ்ந்த ஹாரிஸ் கவுண்டிக்கு ஒரே ஒரு செனட்டர்.

இனி அந்த மூன்று சொற்களுக்கு வருவோம். திருத்தம்: 1964 ஜனவரியில் 24ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நிறைவேறி, மத்தியத் தேர்தல்களில் ஓட்டு வரி ஒழிந்தது. மாநிலத் தேர்தல்களில் அது நீடித்தது. 1966இல் நீதிமன்றங்கள் அதையும் ரத்து செய்தன. சட்டத்தின் முன் எல்லாருக்கும் சமப் பாதுகாப்பு என்ற 14ஆவது திருத்தத்தின் பழைய வாசகத்துக்குக் கொடுத்த புதிய விளக்கத்தால் அது நடந்தது. தீர்ப்பு: 1964 ஜூன் 15 அன்று, அலபாமாவிலிருந்து வந்த ரெனால்ட்ஸ் எதிர் சிம்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மாநிலச் சட்டமன்றங்களின் இரு சபைத் தொகுதிகளும் மக்கள்தொகையில் சமமாக இருக்கவேண்டும் என்றது. சட்டமன்ற உறுப்பினர்கள் மக்களின் பிரதிநிதிகள், மரங்களுக்கோ ஏக்கர்களுக்கோ அல்ல என்று தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் எழுதினார். அந்தத் தீர்ப்பின் தொடர்ச்சியாக டெக்சஸில் "கவுண்டிக்கு ஒரு செனட்டர்" என்ற விதி விழுந்தது. 1965இல் தொகுதிகளை மறுபடி வரைந்தார்கள்.

புது வரைபடம் கைக்கு வந்ததும் ஜோர்டன் செய்த முதல் வேலை, 11ஆம் செனட் தொகுதிக்குள் எந்தெந்தச் சாவடிகள் வருகின்றன என்று பார்த்ததுதான். இரண்டு தடவை தோற்ற தேர்தல்களிலும் தான் ஜெயித்திருந்த சாவடிகளே பெரும்பாலும் அதற்குள் இருந்தன. வேட்பாளரும் அவரே, மக்களும் அவர்களே, கோடு மட்டும் மாறியது. 1966இல் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் தேர்வில் ஒரு வெள்ளையரை எதிர்த்து ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஜெயித்தார். 1883க்குப் பிறகு டெக்சஸ் செனட்டுக்குள் போன முதல் கறுப்பினத்தவர் அவர். சபையில் மொத்தம் 31 பேர். மற்ற 30 பேரும் ஆண்கள்.

அங்கே அவர் எப்படி வேலை செய்தார் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பல பேர் எதிர்பார்த்தது ஆவேசமான போராளியை. அவர் முதலில் சபை விதிகளைப் படித்தார். டெக்சஸ் செனட்டில் அப்போது ஒரு மசோதாவை விவாதத்துக்கு எடுக்கவே மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டியிருந்தது. அதாவது 11 பேர் சேர்ந்தால் எதையும் நிறுத்திவிட முடிந்தது. வாக்காளர் பதிவைக் கஷ்டமாக்கும் ஒரு மசோதா வந்தபோது மேடைப் பேச்சு எதுவும் பேசாமல் ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்துப் பத்துப் பேரைச் சேர்த்தார். தன்னோடு பதினொன்று. மசோதா கொண்டுவந்தவரிடம் போய் எண்ணிக்கையைச் சொன்னார், அதோடு அது முடிந்தது. வீட்டுவேலை செய்பவர்கள், பண்ணைத் தொழிலாளர்கள், சலவைக்கூடத் தொழிலாளர்களுக்கும் சேர்த்து மாநிலத்தின் முதல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

1972 மார்ச்சில் அந்த 30 பேரும் சேர்ந்து அவரைச் சபையின் தற்காலிகத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பதவியில் இருப்பவரை ஒருநாள் ஆளுநராக உட்காரவைப்பது அங்கே மரபு. ஜூன் 10 அன்று ஐந்தாம் வார்டிலிருந்து பஸ் பஸ்ஸாக ஜனங்கள் மாநிலத் தலைநகரான ஆஸ்டினுக்கு வந்தார்கள். மகள் பதவியேற்றதைப் பார்த்த அப்பா அன்றே மயங்கி விழுந்தார். மறுநாள் இறந்துபோனார்.

ஒரு விமர்சனத்தையும் சொல்லவேண்டும். 1971இல் தொகுதிகளை மறுபடி வரைந்தபோது அதற்கான செனட் குழுவில் ஜோர்டன் துணைத் தலைவர். ஹூஸ்டன் நடுவே புதிதாக 18ஆம் காங்கிரஸ் தொகுதி வந்தது. ஆனால் அவர் விட்டுப்போன மாநில செனட் தொகுதி, இன்னொரு கறுப்பினத்தவர் ஜெயிக்க முடியாதபடி பிரிந்துபோனது. தன் இடத்துக்காக மற்றதை விட்டுக்கொடுத்தார் என்று, 1966இல் அவரோடு சேர்ந்தே மாநிலப் பிரதிநிதிகள் சபைக்குள் போன கர்ட்டிஸ் கிரேவ்ஸ் குற்றம் சாட்டினார், அவரை எதிர்த்தும் நின்றார். ஜோர்டன் பெரும் வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆனாலும் அந்தக் குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். கோடு எங்கே விழுகிறது என்பதன் விலையை அவரைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. அந்தப் பேரத்தை அவர் தெரிந்தேதான் செய்தார்.

1973 ஜனவரியில் வாஷிங்டன் போனார். 1901க்குப் பிறகு தென் மாநிலங்களிலிருந்து காங்கிரஸுக்குப் போன முதல் கறுப்பினத்தவர்கள் அவரும் ஜார்ஜியாவின் ஆண்ட்ரூ யங்கும். எந்தக் குழுவில் இடம் கேட்பது என்று முன்னாள் ஜனாதிபதி லிண்டன் ஜான்சனிடம் யோசனை கேட்டார். நீதித்துறைக் குழு என்றார் ஜான்சன், அதற்காகப் பேசியும் கொடுத்தார். நீதித்துறைக் குழுவின் முன்னால் ஒரு ஜனாதிபதியின் விவகாரம் வரப்போகிறது என்று அப்போது யார் கண்டது?

1974 ஜூலை 25, இரவு ஒன்பது மணி வாக்கில் ரேபர்ன் கட்டடத்தின் குழு அறை. 38 உறுப்பினர்களுக்கும் ஆளுக்குப் பதினைந்து நிமிடம், மூத்தவர்கள் முதலில். ஜோர்டன் புது உறுப்பினர் என்பதால் அவர் முறை வர நேரமாகிவிட்டது. நாடு முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. தன் மேல் உள்ள நம்பிக்கையைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. அரசியலமைப்பின் மேல் தனக்குள்ள நம்பிக்கை முழுமையானது, குறைவற்றது, அது சிதைவதை வேடிக்கை பார்த்துக்கொண்டு இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன் என்றார்.

எல்லாரும் மேற்கோள் காட்டுவது இதோடு முடிந்துவிடும். வக்கீல்கள் இதற்கு அடுத்த பகுதியைக் கேட்கவேண்டும். அங்கே ஆவேசமே கிடையாது. முதலில் ஒரு அளவுகோலை வாசிக்கிறார், பிறகு அதற்குப் பக்கத்தில் ஒரு உண்மையை வைக்கிறார். ஜனாதிபதி சந்தேகத்துக்கிடமான முறையில் ஒருவரோடு தொடர்பு வைத்து, அவரைக் காப்பாற்றுவார் என்று நம்ப இடமிருந்தால் பதவிநீக்கம் செய்யலாம் என்று அரசியலமைப்பை ஏற்கக் கூடிய வர்ஜீனியா மாநாட்டில், அதை எழுதியவர்களில் ஒருவரான மாடிசன் சொன்னதை வாசிக்கிறார். உடனே: உதவி அட்டர்னி ஜெனரல் ஹென்றி பீட்டர்சனை ஜனாதிபதி 27 முறை சந்தித்து வாட்டர்கேட் (எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் ஆட்கள் புகுந்த விவகாரம்) விசாரணை பற்றிப் பேசினார், அதன் பிறகு அந்த விசாரணையில் சிக்கியிருந்தவர்களையே சந்தித்தார் என்ற தகவல். அடுத்து 19ஆம் நூற்றாண்டு உச்ச நீதிமன்ற நீதிபதி ஸ்டோரியின் அளவுகோல், அதற்குப் பக்கத்தில் இன்னொரு உண்மை. அப்புறம் தென் கரோலினா மாநாட்டில் சொன்னது. இப்படியே போகிறது. குற்றம் நிரூபணமாகிவிட்டது என்று அவர் கத்தவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, முடிவைக் கேட்பவரிடம் விட்டார். கடைசியில் மட்டும் ஒரு வரி: இந்தக் குற்றங்களையும் எட்டாத பதவிநீக்கப் பிரிவு என்றால், அந்த 18ஆம் நூற்றாண்டு அரசியலமைப்பை 20ஆம் நூற்றாண்டின் காகிதம் கிழிக்கும் எந்திரத்தில் போட்டுவிடலாம்.

இரண்டு நாள் கழித்துக் குழு முதல் குற்றச்சாட்டை 27க்கு 11 என்று ஏற்றது. ஆகஸ்ட் 9 அன்று நிக்சன் விலகினார். அரசியலமைப்பை எங்களுக்கு விளக்கியதற்கு நன்றி, பார்பரா ஜோர்டன் என்று ஹூஸ்டனில் ஒருவர் விளம்பரப் பலகைகளே வைத்தார்.

அதைத் தவிர என்ன செய்தார் என்று கேட்டீர்கள் இல்லையா? 1975ஐப் பாருங்கள். நான் பேச்சைவிட இதைத்தான் பெரிதாக மதிப்பேன். 1965ஆம் வருட வாக்குரிமைச் சட்டத்தின் கடுமையான பகுதி டெக்சஸுக்குப் பொருந்தவில்லை. அந்தப் பகுதியின் கீழ் வரும் மாநிலங்கள் தேர்தல் விதியிலோ தொகுதிக் கோட்டிலோ கை வைத்தால் முன்கூட்டியே மத்திய அரசின் ஒப்புதல் வாங்கவேண்டும். யார் அதன் கீழ் வருவார்கள் என்பதற்கு அடையாளம், எழுத்தறிவுத் தேர்வு போன்ற ஒரு "சோதனை" அங்கே இருந்திருக்கவேண்டும். டெக்சஸ் சோதனை வைக்கவில்லை, வரிதான் வைத்திருந்தது. அதனால் தப்பித்துக்கொண்டது.

சட்டம் 1975இல் நீட்டிப்புக்கு வந்தபோது ஜோர்டன் கை வைத்தது அந்த ஒரு சொல்லின் வரையறையில். ஓட்டுரிமை வயதுள்ள குடிமக்களில் 5 சதவீதத்துக்கு மேல் ஒரு மொழிச் சிறுபான்மையினர் இருக்கும் இடத்தில், தேர்தல் தாள்களை ஆங்கிலத்தில் மட்டும் அச்சிட்டால் அதுவும் ஒரு "சோதனை"தான் என்று மாற்ற வாதாடினார். ஸ்பானிஷ் பேசும் மக்கள் நிறைந்த டெக்சஸ் முழுவதும் சட்டத்தின் கீழ் வந்துவிட்டது. அவருடைய சொந்த மாநிலத்தின் அதிகாரிகளே கடுமையாக எதிர்த்தார்கள். கலிஃபோர்னியாவின் எட்வர்ட் ராய்பல், நியூயார்க்கின் ஹெர்மன் பதியோ ஆகியோர் அவரோடு நின்றார்கள். ஜனாதிபதி ஃபோர்டு 1975 ஆகஸ்ட் 6 அன்று, மூலச் சட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு நாளில் கையெழுத்திட்டார்.

அதே திருத்தத்தின் இன்னொரு பிரிவு, மொழிச் சிறுபான்மையினர் போதிய அளவில் வாழும் இடங்களில் அவர்கள் மொழியிலும் வாக்குச்சீட்டு தரவேண்டும் என்கிறது. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் இன்று வங்காள மொழியில் வாக்குச்சீட்டு கிடைப்பது அந்தப் பிரிவால்தான். முன் ஒப்புதல் முறையோ 2013இல் ஷெல்பி கவுண்டி தீர்ப்போடு செயலிழந்துவிட்டது. எந்த மாநிலம் அதன் கீழ் வரும் என்ற சூத்திரத்தை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அன்றைக்கே டெக்சஸ் தன் புதிய வாக்காளர் அடையாள அட்டைச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தது. தீர்ப்பு ஒருவரை உள்ளே சேர்ப்பது போலவே வெளியேயும் தள்ளும் என்பதை நினைத்து எனக்கு இன்னும் வருத்தம்தான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சில்லறை விலையை உற்பத்தியாளரே கட்டிப்போட மாநிலங்கள் அனுமதிக்கலாம் என்றிருந்த மத்தியச் சட்டத்தை ரத்து செய்யும் மசோதாவை 1975இல் கொண்டுவந்து ஜெயித்தார். 1976இல் ஜனநாயகக் கட்சி மாநாட்டின் முதன்மை உரை அவருடையது.

ஏன் ஆறே வருடம்? 1973இலேயே அவருக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் இருப்பது தெரிந்துவிட்டது. வெளியே சொல்லவில்லை. நிக்சன் விசாரணை, 1975 சட்டம், 1976 மேடை, அத்தனையும் அந்த நோயோடுதான். விலகியதற்கு நோய் மட்டுமே காரணம் என்று அவர் சொன்னதில்லை, நானும் சொல்லமாட்டேன். 1979இல் ஆஸ்டினில் லிண்டன் ஜான்சன் பெயரிலுள்ள கல்வி நிலையத்தில் பேராசிரியராகச் சேர்ந்து, 1996 ஜனவரி 17 அன்று இறக்கும்வரை பாடம் நடத்தினார். அரசியலமைப்பின் பிரதி ஒன்றை எப்போதும் கைப்பையில் வைத்திருப்பார் என்று அவரை அறிந்தவர்கள் சொல்வார்கள்.

அந்த வருடங்களில் நடந்த ஒன்று, உங்கள் கேள்விக்கு எல்லாவற்றையும்விட நேரடியான பதில். 1987இல் ராபர்ட் போர்க்கை உச்ச நீதிமன்ற நீதிபதி பதவிக்கு ஜனாதிபதி ரேகன் முன்மொழிந்தார். சமத் தொகுதித் தீர்ப்பையும் ஓட்டு வரித் தீர்ப்பையும் தவறு என்று விமர்சித்தவர் போர்க். செனட் குழு முன்னால் சாட்சி சொல்ல வந்த ஜோர்டன் சட்டக் கோட்பாடு பேசவில்லை. 1962இல் நின்றேன், தோற்றேன். 1964இல் நின்றேன், தோற்றேன். அப்புறம் அந்தத் தீர்ப்பு வந்தது, ஜெயித்தேன் என்று தன் கதையை வரிசையாகச் சொன்னார். எல்லாக் கதவும் மூடிவிட்ட நேரத்தில் உச்ச நீதிமன்றம் வந்து மீட்பது மறுபிறவி எடுப்பதற்குச் சமம் என்றார். செனட் 58க்கு 42 என்று போர்க்கை நிராகரித்தது.

1974 பேச்சும் 1987 சாட்சியமும் இணையத்தில் கிடைக்கின்றன. முடிந்தால் இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். முதலாவதில் மூன்று சொற்களில் கடந்துபோனதை இரண்டாவதில் வருடத்தையும் தோல்வியையும் விடாமல் எடுத்துச் சொல்கிறார்.